செல்லம்மாவின் சிறுநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும்

சூதாட்டக் கண்காணிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டீர்கள். சந்தோஷம். பிள்ளைகளே, நீங்கள் சட்டம் படித்தவர்கள், கணினி படித்தவர்கள். கசினோவில் எந்த மேசையில் யார் என்ன செய்கிறார் என்று திரையைப் பார்த்தே கண்டுபிடிக்கிறீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் பார்த்துக்கொண்டிருந்தது குதிரையின் வாலை. அதுவும் மணிக்கணக்காக.

சிரியுங்கள், பரவாயில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் இந்தச் சுவிஸ் நாட்டில் பெரிய கசினோக்கள் கிடையாது. குர்சால் என்ற பெயரில் சில ஊர்களில் மண்டபங்கள் இருந்தன. அங்கே சின்னப் பந்து ஒன்றை உருட்டி ஒரு சூதாட்டம் நடக்கும், ஐந்து பிராங்குக்கு மேல் வைக்க முடியாது. ஆசை அதிகம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரைப் பந்தயத்துக்குப் போனார்கள். ஜெயித்த குதிரை ஊக்கமருந்து எதையும் தின்றுவிட்டு ஓடவில்லை என்று உறுதி செய்தால்தானே பந்தயம் கட்டினவர்கள் அடுத்த ஞாயிறும் வருவார்கள்? அந்த உறுதியைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்தார்கள். அந்தச் சிறுநீரை நீளக் கம்பின் நுனியில் கட்டிய கோப்பையில் பிடித்தவன் நான்.

இந்த உயர்ந்த பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அப்போது நான் ஷ்லீரன் என்ற ஊரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அகதி விண்ணப்பம் முடிவு தெரியாமல் கிடந்தது. கிழமை நாட்களில் தொழிற்சாலை ஒன்றைத் துப்புரவாக்கினேன். ஞாயிறுகளில் ரயில் ஏறிப் பந்தயத் திடலுக்குப் போய்ப் படிக்கட்டுகளைக் கூட்டினேன். ஒருநாள் அங்கே கண்காணிப்புக்குப் பொறுப்பாக இருந்த மிருக வைத்தியர் என்னைக் கூப்பிட்டார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கோப்பை பிடிக்கும் ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம்.

"குதிரையோட பழக்கம் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், சின்ன வயசிலயிருந்து" என்றேன்.

பொய் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் குதிரை வாகனம் தூக்கியிருக்கிறேன். அது மரக்குதிரை, உதைக்காது என்பதை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. (இந்த வைத்தியரும் மற்றச் சுவிஸ்காரரும் பேசியது சுவிஸ் ஜெர்மன். என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத்தாராகவே பேசுகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வேலை இதுதான். ஜெயித்த குதிரையை ஒரு கொட்டிலுக்குள் கொண்டுவருவார்கள். புது வைக்கோல் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டு, அதற்குச் சிறுநீர் வரும்வரை மெல்ல விசிலடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்ததைப் பிடித்து இரண்டு போத்தல்களில் ஊற்றி, அரக்கு வைத்து முத்திரை குத்தி, படிவத்தில் வைத்தியரும் குதிரைக்காரரின் ஆளும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பந்தயம் முடிந்த பிறகு குதிரைக்குத் தண்ணீர் தவிர வேறு ஏதாவது கொடுக்கப்பட்டதா? பதில் எப்போதும் 'இல்லை'.

எப்போதும் 'இல்லை' என்றால் அதை ஏன் கடைசி நேரத்தில் அவசரமாக எழுத வேண்டும்? வீட்டுப்பாடத்தை முதல்நாளே முடித்து வைத்த பிள்ளை நான். காலையில் போனதும் அன்றைய பந்தயங்களுக்குரிய படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அழகான குண்டு எழுத்தில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று நிரப்பிவிடுவேன். வைத்தியர் இதைக் கவனித்ததில்லை. "உங்களைப் போல வேகமாய் ஆரும் செய்யிறேல்லை" என்று ஒருமுறை பாராட்டினார். அன்றிரவு அறையிலிருந்த ஐந்து பேருக்கும் அதைச் சொல்லித் தொந்தரவு கொடுத்தேன்.

இனி சிவபாதம் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்தித்துறை டிப்போவில் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவரும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பால் மாடுகளோடு இரண்டு பந்தயக் குதிரைகளும் வைத்திருந்த ஒரு சுவிஸ் கமக்காரரிடம் குதிரை பார்க்கும் வேலை அவருக்கு. அதில் ஒன்று வயதான சிவப்புப் பெண்குதிரை. அதற்கு அட்டையில் ஏதோ நீளமான பிரெஞ்சுப் பெயர் இருந்தது. அண்ணை அதற்குச் செல்லம்மா என்று பெயர் வைத்து, ஓட்டத்துக்குக் கொண்டுபோகும்போது காதுக்குள் "முன்னுக்குப் போ பிள்ளை, முன்னுக்கு இடம் கிடக்கு" என்று சொல்லி அனுப்புவார். செல்லம்மா பெரும்பாலும் பின்னுக்குத்தான் நின்றாள். பஸ்ஸிலும் சனம் அப்படித்தானே.

ஆனால் ஓர் இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா முன்னுக்குப் போய்விட்டாள். ஒரு கழுத்து நீளத்தால் ஜெயித்தாள். அவளில் அநேகமாக யாரும் பந்தயம் கட்டியிருக்கவில்லை. கட்டியிருந்த இரண்டொருவர் தொப்பியை மேலே எறிந்தார்கள். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். இப்படி எதிர்பாராத வெற்றி வரும் நாளில்தான் நம் வேலையை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள், இதை மறக்காதீர்கள்.

செல்லம்மா கொட்டிலுக்கு வந்தாள். வந்தாள், அவ்வளவுதான். நான் விசிலடித்தேன். அண்ணையும் அடித்தார். எங்களுக்கு வாய் உலர்ந்ததே தவிர அவளுக்கு எதுவும் வரவில்லை. வைத்தியர் நொண்டிக்கொண்டிருந்த வேறொரு குதிரையைப் பார்க்கப் போயிருந்தார். அரை மணிநேரம் கடந்தது. "தம்பி, நான் காலமையிலயிருந்து ஒண்டும் தின்னேல்லை" என்றார் அண்ணை.

என் பையில் சுடுதண்ணீர்ப் போத்தல் நிறையப் பால் விடாத பிளேன் ரீ இருந்தது. ஊரிலிருந்து அந்தக் கிழமை வந்த ஒருவர் கையில் அம்மா கொடுத்துவிட்ட பனங்கட்டியும் இருந்தது. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீரைக் குடித்தோம். பிறகு அண்ணை செல்லம்மாவுக்குப் போர்வை எடுக்கப் போனார். அவள் என் தோளில் மூக்கை வைத்து அழுத்தினாள். வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் நாம் மட்டும் தின்பதா? ஒரு துண்டு பனங்கட்டியை, கல்லாக இருக்கிறதே என்று தேநீரில் நன்றாக ஊறவைத்து, உள்ளங்கையில் நீட்டினேன். நக்கி எடுத்தாள். இன்னொன்று கொடுத்தேன். மூடியில் மிச்சமிருந்த தேநீரையும் உறிஞ்சினாள்.

தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். குதிரைக்காரர்கள் யாரும் எதையும் கொடுத்துவிடாமல் பார்ப்பதுதான் என் வேலை. அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான் என்பது அந்த நிமிடத்தில் என் மண்டையில் ஏறவில்லை. நான் கண்காணிக்கிறவன் அல்லவா? இந்த நோய் உங்களில் சிலருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய மூன்றாம் நாளே தொற்றிவிடும்.

அண்ணை திரும்பி வந்ததும், "உங்கட செல்லம்மா தேத்தண்ணியில ஊறின பனங்கட்டி தின்னுறாள்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இன்னும் அரை மணிநேரம் போனபின் செல்லம்மா மனம் வைத்தாள். நான் கோப்பையை நீட்டினேன். வைத்தியர் வந்தார். போத்தல்கள் நிரம்பின, அரக்கு உருகியது, முத்திரை விழுந்தது. வைத்தியர் கையெழுத்துப் போட்டார், அண்ணை போட்டார். என் முறை. பேனையைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வைத்தியர் என் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கண்டார்.

"மிச்சம் கிடக்கோ? கோப்பிக் கடையும் பூட்டிப்போட்டாங்கள். எனக்கு நித்திரை தூங்குது."

"இது தேத்தண்ணி, டொக்டர்."

"பரவாயில்லை. தேத்தண்ணியிலயும் கஃபேன் இருக்குத்தானே. அது காணும்."

கஃபேன். கொட்டில் சுவரில் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று ஒட்டியிருந்தது. அந்தச் சொல்லை நான் நூறு தரம் வாசித்திருப்பேன். கோப்பியில் இருக்கிற சாமான், அது கோப்பிக்காரரின் சங்கதி என்று நினைத்திருந்தேன். பிறந்த நாளிலிருந்து மூன்று வேளையும் குடித்து வளர்ந்த தேநீரை ஒரு பட்டியலில் தேட வேண்டும் என்று எந்த யாழ்ப்பாணத்தானுக்குத் தோன்றும்?

 ஆய்வுகூடத்தில் அது தெரிந்தால் செல்லம்மாவின் வெற்றி போகும். பந்தயக் குதிரைகளைப் பழக்கக் கமக்காரருக்கு இருந்த அனுமதியைப் பறிப்பார்கள், அவர் குதிரைகளை விற்க வேண்டிவரும். குதிரையோடு கூடவே நின்ற சிவபாதம் அண்ணையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அகதி விண்ணப்பம் போட்டிருக்கும் ஒருவர், குதிரைக்கு மருந்து கொடுத்தார் என்று வேலையிலிருந்து துரத்தப்பட்டால் அந்த விண்ணப்பத்துக்கு என்ன நடக்கும் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்கள். படிவத்திலோ, காலையில் நான் எழுதிய 'இல்லை' அழகாக உட்கார்ந்திருந்தது.

அண்ணைக்கும் விளங்கிவிட்டது. வைத்தியர் தேநீரை ஊதிக்கொண்டிருக்கும்போது அவர் தமிழில் மெல்லச் சொன்னார்.

"தம்பி, பேசாமல் கையெழுத்தைப் போடும். நகமளவு பனங்கட்டி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"தெரிஞ்சால், அண்ணை?"

"தெரிஞ்சால் என்ர தலையிலதானே விழும். நான் பாத்துக்கொள்ளுறன். நீர் சின்னப் பெடியன். உம்மட வேலையைக் காப்பாத்தும்."

உண்மையைச் சொல்கிறேன். "உம்மட தலையில விழும்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன். தன் தலையில் விழும் என்று சொன்னாரே, அதற்குப் பிறகு பேனை நகரவில்லை.

"என்ன ரெண்டு பேரும் கதைக்கிறியள்?" என்றார் வைத்தியர்.

சொன்னேன். என் ஜெர்மன் அப்போது நொண்டிக்குதிரை. பனங்கட்டிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பையிலிருந்து எடுத்தே காட்டினேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எத்தனை மணிக்குக் குடுத்தனீங்கள்?"

சொன்னேன்.

"எவ்வளவு?"

அதையும் சொன்னேன்.

"இவர் நிண்டவரோ?"

"இல்லை, போர்வை எடுக்கப் போனவர். வந்த பிறகுதான் சொன்னனான்."

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் அதை மடித்துக் கிழிக்கப் போனேன், புதிதாக ஒன்று நிரப்பலாம் என்று.

"கிழிக்காதேங்கோ," என்று என் கையைப் பிடித்தார். "வெட்டிப்போட்டு மேல எழுதுங்கோ. முதல் என்ன எழுதினது எண்டும் தெரியவேணும், வெட்டினதும் தெரியவேணும். நேரம் போடுங்கோ."

பிள்ளைகளே, என் அழகான 'இல்லை'யின் குறுக்கே கோடு கிழித்தபோது பட்ட வேதனை கொஞ்சமல்ல. அதற்கு மேல் நடந்ததை எழுதி, நேரமும் போட்டேன். பிறகு வைத்தியர் செய்ததைப் பார்த்து அண்ணைக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பிளேன் ரீயை ஒரு போத்தலில் ஊற்றி, மிச்சப் பனங்கட்டியை இன்னொன்றில் போட்டு, இரண்டுக்கும் அரக்கு வைத்து, முத்திரை குத்தி, இலக்கம் போட்டார். அம்மா வேட்டித்துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்ட பனங்கட்டி அரசாங்கச் சான்றுப் பொருளாக ஆய்வுகூடத்துக்குப் போனது.

"இனி குதிரைக்காரரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ," என்றார்.

"நானோ?"

"பின்ன, நானோ குடுத்தனான்?"

கமக்காரர் நீள மேசையொன்றில் மனைவி மக்களோடு உட்கார்ந்து பொரித்த சொசேஜ் தின்றுகொண்டிருந்தார். மேசையில் பூமாலை கிடந்தது. ஆறு வருடங்களுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வெற்றி அது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.  மாலையை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். அவர் மகள் அழத் தொடங்கினாள். என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான தூரம், அந்த மேசையிலிருந்து கொட்டிலுக்குத் திரும்பிய ஐம்பது அடிதான்.

ஆய்வுகூட முடிவு வர மூன்று கிழமை ஆனது. அதற்குள் திடல் முழுக்கக் கதை பரவியது. மற்றக் குதிரைகளில் பந்தயம் கட்டித் தோற்றவர்கள், இரண்டு தமிழர்கள் தங்கள் பாஷையில் பேசித் திட்டம் போட்டார்கள் என்றார்கள். அண்ணை ரயிலில் என்னோடு பேசவில்லை. கோபமில்லை என்று பிறகு சொன்னார். வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று பயமாம்.

முடிவு வந்தது. கஃபேன் இருந்தது, மிகக் கொஞ்சம்.

விசாரணைக்கு மூன்று நடுவர்கள் உட்கார்ந்தார்கள். தலைவர் பழைய குதிரைப்படைக்காரர், முதுகு வளையாத மனிதர். ஒரு பக்கத்தில் கமக்காரரும் அண்ணையும், மறுபக்கத்தில் வைத்தியரும் நானும். தலைவர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தக் குறிப்பு முடிவு தெரிவதற்கு முன்பே, அன்றே எழுதப்பட்டது, நேரம் இருக்கிறது, அரக்கு வைத்த தேநீரும் இருக்கிறது, அளவும் பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அவர் கேட்டார்.

"ஒண்டுதான் விளங்கேல்லை. குடுத்தது உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் முதல்ல 'இல்லை' எண்டு எழுதினனீங்கள்?"

அவசரத்தில் கை பிசகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வைத்தியர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பதில் தெரியாது.

"அதைக் காலமை எழுதினனான், ஐயா."

"காலமையோ? குதிரை ஓட முன்னமோ?"

"ஓம். எல்லாப் படிவத்திலயும் காலமையே எழுதி வைக்கிறனான்."

"எவ்வளவு காலமாய்?"

"இந்த வருசம் முழுக்க."

வைத்தியர் கண்களை மூடிக்கொண்டார். தேநீர் கொடுத்ததை விட இதுதான் பெரிய குற்றம் என்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பனங்கட்டி ஒரு குதிரைக்கு, ஒரு நாள். என் அழகான எழுத்தோ அந்த வருடத்தில் ஜெயித்த எல்லாக் குதிரைகளுக்கும், கேட்காமலே சொன்ன பதில். இன்றைக்கு நீங்கள் ஒரு பெட்டியில் யோசிக்காமல் சரி அடையாளம் போடும்போது உங்கள் விரலைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தீர்ப்பு: செல்லம்மாவின் வெற்றி நிற்கும். கமக்காரரில் குற்றமில்லை. படிவங்களைப் பார்க்காமல் கையெழுத்திட்டதற்காக வைத்தியருக்கு எழுத்தில் கண்டனம். அவர் அதை நிமிர்ந்து நின்று வாங்கினார். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னைக் கோப்பை வேலையிலிருந்து நீக்குவதாகத் தலைவர் சொன்னார். நான் தலையாட்டினேன். நியாயம்தான்.

"நீங்கள் ஏதும் சொல்லவேணுமோ?" என்று தலைவர் ஒரு மரியாதைக்குக் கமக்காரரைக் கேட்டார்.  அந்த மனிதர் மெல்ல எழுந்தார்.

"ஓம். என்ர குதிரையின்ர மூத்திரத்தை அடுத்த வருசமும் இவர்தான் பிடிக்கவேணும்."

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இவராலதானே உங்களுக்கு இவ்வளவு கரைச்சல்?" என்றார் தலைவர்.

"ஓம், மூண்டு கிழமையாய் எனக்கு நித்திரை இல்லை. ஆனால் என்ர மேசைக்கு வந்து, என்ர பெண்டில் பிள்ளையளுக்கு முன்னால, தான் செய்தது பிழை எண்டு சொன்னவர். இப்பவும் கேட்டனீங்கள், சொல்லுறார். வேற ஆர் பிடிச்சாலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன். எழுதுங்கோ."

எழுதினார்கள். நீக்கம் அந்தப் பந்தயப் பருவம் முடியும்வரை மட்டும் என்று மாற்றினார்கள். வசந்தத்தில் நான் திரும்பிப் போனபோது வைத்தியர் படிவக் கட்டைத் தன் பைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், குதிரை சிறுநீர் விட்ட பிறகே ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். அண்ணை கைலேஞ்சி தந்தார், அதில் குதிரை வாசம் அடித்தது. அதற்குப் பிறகு நான் பல வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். குர்சால்களுக்கும் போனேன், கசினோக்களுக்கும் போனேன். ஓய்வு பெறும்போது கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் தந்தார்கள், அதில் 'நேர்மை' என்ற சொல் மூன்று தரம் வருகிறது. அதை எழுதியவருக்கு என்னைத் தெரியாது. என்னால் எல்லாம் இழக்கப் பார்த்த ஒரு மனிதர்தான், என்னைத் தெரிந்துகொண்டு, தன் குதிரையின் மூத்திரத்தை என் கையில்தான் கொடுப்பேன் என்று சொன்னார்.